அரசியல் பொருளாதாரம் படிக்க எங்கே போவது? நீலகிரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்திலும், டிகிரி கடைசி வருடத்திலும் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கொடைக்கானலிலிருந்து வந்த கேள்விகளும் உண்டு. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், துறையைப் பாருங்கள். இளங்கலையைப் பக்கத்திலேயே குறைந்த செலவில் முடியுங்கள், முதுகலைக்குத் துணிந்து தூரமாகப் போங்கள். இதை ஒத்துக்கொள்ளாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பொருளாதாரம் தெரியும், அரசியல் அறிவியலும் தெரியும். நடுவில் இது என்ன புதுப் படிப்பு?

புதுப் படிப்பு இல்லை. பச்சைத் தேயிலை விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வரத்து கூடினால் விலை இறங்கும், குறைந்தால் ஏறும் என்று பாடப்புத்தகம் சொல்லும். சரிதான். ஆனால் கொழுந்து போடுகிற யாரும் நம் ஊரில் அதோடு நிறுத்துவதில்லை. குன்னூர் ஏலத்தில் தூளை எடுக்கிற பெரிய கம்பெனிகள் எத்தனை, விலையை அவர்களால் எவ்வளவு தூரம் இழுத்துப் பிடிக்க முடியும்? ஏல விலையில் தொழிற்சாலைக்கு இவ்வளவு, விவசாயிக்கு இவ்வளவு என்று பிரிக்கிற கணக்கை எழுதியது யார்? தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற சராசரி விலைக்கும் கைக்கு வருகிற காசுக்கும் ஏன் இடைவெளி விழுகிறது? 1965-இல் இண்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை அதன் கீழ் கொண்டுவந்தபோது அரசு என்ன நினைத்தது, நினைத்தது நடந்ததா? 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததற்கும் அதற்குப் பின் நம் தேயிலை விலை சரிந்ததற்கும் என்ன சம்பந்தம்? 2023-இல் நியாய விலை கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்களே, அந்தக் கோரிக்கை எந்த மேசை வரை போனது?

சந்தை, அரசு, நிலம், சாதி, வர்க்கம் ஆகியவற்றைத் தனித்தனி அலமாரியில் வைக்காமல் ஒரே கேள்விக்குள் வைத்துப் பார்ப்பதுதான் அரசியல் பொருளாதாரம். ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ, மார்க்ஸ் மூவரும் செய்தது இதைத்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃப்ரெட் மார்ஷல் காலத்திலிருந்துதான் பொருளாதாரம் இதிலிருந்து தனியாகப் பிரிந்து, கணிதத்தின் பக்கம் நகர்ந்தது.

எல்லா இடத்திலும் ஒரே பாடம்தான் சொல்லித்தருவார்களா?

இல்லை. பலர் வழுக்குவது இங்கேதான். ஒரே பெயரில் குறைந்தது மூன்று மரபுகள் ஓடுகின்றன.

முதலாவது, ஸ்மித், ரிக்கார்டோ, மார்க்ஸிலிருந்து வருகிற மரபு. உபரி எப்படி உருவாகிறது, யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அதன் மையம். இந்தியாவில் நிலம், கூலி, கடன் பற்றி நடந்த பெரிய விவாதங்கள் பெரும்பாலும் இதற்குள் நடந்தவை. இரண்டாவது, பொருளாதாரத்தின் கருவிகளைக் கொண்டு அரசியலை ஆராய்வது. வாக்காளர், கட்சி, அதிகாரி எல்லாரும் தத்தம் லாபத்தைக் கணக்குப் போடுபவர்கள் என்று எடுத்துக்கொண்டு மாதிரிகள் எழுதுவார்கள். 1986-இல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் புக்கனன் இந்தப் பக்கம். 2024-இல் வாங்கிய அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரின் நிறுவனங்கள் பற்றிய ஆய்வையும் இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். மூன்றாவது, பன்னாட்டு அரசியல் பொருளாதாரம். வணிக ஒப்பந்தம், கடன், டாலர், உலக வங்கி என்று போகும். இதைப் பெரும்பாலும் சர்வதேச உறவுகள் துறையில் வைத்திருப்பார்கள்.

எது உயர்ந்தது என்ற சண்டை இங்கே வேண்டாம். தேயிலைத் தொழிலாளர் கூலியைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டவர், இரண்டு வருடம் தேர்தல் மாதிரிகளுக்குச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தால் நொந்துபோவார். அதனால் விண்ணப்பம் போடும் முன்பே உங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பெயரில் பட்டம் இந்தியாவில் எங்கே கிடைக்கும்?

பெயரைத் தேடாதீர்கள். இந்தப் பெயர் போட்ட பட்டம் இங்கே அரிது. எம்.ஏ. பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வளர்ச்சி ஆய்வுகள் என்ற பெயர்களுக்குள்ளே இது ஒளிந்திருக்கும். பெயர் இல்லாதது ஒரு விதத்தில் நல்லதும்கூட. ஏன் என்று வேலை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். நேரே டெல்லிக்கோ பெங்களூருக்கோ போகலாமா?

பணமும் தைரியமும் இருந்தால் போகலாம். கட்டாயம் இல்லை. ஊட்டியில் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அரசுக் கட்டணம். அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணைய விண்ணப்பம். 2024 முதல் மகளிருக்கு மலைப்பகுதி அரசுப் பேருந்திலும் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டதால், வீட்டிலிருந்தே போய்வரும் பெண்பிள்ளைகளுக்குச் செலவு இன்னும் குறைகிறது.

கொடைக்கானல்காரர்களுக்கு இரண்டு வழிகள். மலைமேலேயே 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக இறங்கினால் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமம். அது 1956-இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. வகுப்பறைக்கு வெளியே கிராமத்துக்குப் போய்க் கற்பது அங்கே வெகுநாள் பழக்கம். இந்தப் படிப்புக்கு அது பெரிய சொத்து.

சென்னையில் லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி மூன்றிலும் பொருளாதாரத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் விடுதி, சாப்பாடு என்று செலவு ஏறும். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. வேண்டுமென்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம்தான் என் முதல் பரிந்துரை. 2022-இல் வந்த க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. ஐஐடி மெட்ராஸில் இருந்த ஐந்தாண்டு எம்.ஏ.வைப் பற்றி இன்னும் சிலர் விசாரிக்கிறார்கள். அதை எடுத்துவிட்டார்கள், இப்போது இரண்டாண்டு எம்.ஏ.தான்.

அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த இளங்கலை என்று தனியார் பல்கலைக்கழகங்கள் இப்போது விளம்பரம் செய்கின்றன. 1920-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய முறை அது. சோனிபட்டின் அசோகா பல்கலைக்கழகத்தில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் உதவித்தொகைக் கடிதம் கைக்கு வராமல் அந்தக் கட்டணத்துக்குத் தோட்டத்தை அடகு வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கணக்கு அவசியமா? எனக்குக் கணக்கே வராது.

அவசியம். அரசியல் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். முதலாண்டு எம்.ஏ.விலேயே நுண்பொருளாதாரம், பேரினப் பொருளாதாரம், புள்ளியியல் வந்துவிடும். டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமான ஜே.என்.யூ.விலும் வரும். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. எடுக்காதவர்கள் இளங்கலையின் மூன்று வருடத்தில் வகைநுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு மூன்றையும் மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்திலோ ஒரு கணக்கு வாத்தியாரிடமோ உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதாரம் ஆனர்ஸ் சேர க்யூட்டில் கணிதம் எழுதியாக வேண்டும். வரலாறு, பொருளியல், வணிகவியல் குரூப் எடுத்தவர்களுக்கு அந்தக் கதவு அப்போதே மூடிவிடுகிறது.

முதுகலைக்கு எந்தெந்த இடம்? உங்கள் வரிசையைச் சொல்லுங்கள்.

வரிசை எண் போட மாட்டேன். குணத்தைச் சொல்கிறேன்.

ஜே.என்.யூ.வின் பொருளாதார ஆய்வுகள் மற்றும் திட்டமிடல் மையம்தான் இந்தியாவில் முதல் மரபின் தலைமையிடம் என்று பெயர் வாங்கியது. கிருஷ்ணா பரத்வாஜ் அதை வளர்த்தெடுத்தார். பிரபாத் பட்நாயக், உத்சா பட்நாயக் போன்றவர்கள் பல்லாண்டு அங்கே கற்பித்தார்கள். அவர்கள் காலம் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். பெயர் சம்பாதித்தவர்கள் ஓய்வு பெற்ற பிறகு இப்போது வகுப்பெடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். படிப்புக் கட்டணம் மிகக் குறைவு. சேர்க்கை முதுகலைக்கான க்யூட் வழியாக.

திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தை நம் பிள்ளைகள் ஏன் அதிகம் யோசிப்பதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதியதில் பங்குகொண்ட கே. என். ராஜ் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய நிறுவனம். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்கள், அருமையான நூலகம். வருமானம் குறைந்த கேரளம் கல்வியிலும் சுகாதாரத்திலும் எப்படி முன்னே போனது என்று 1975-இல் ஐ.நா.வுக்காக இங்கிருந்து வந்த ஆய்விலிருந்துதான் ‘கேரள மாதிரி’ என்ற பேச்சே கிளம்பியது. பயன்பாட்டுப் பொருளாதாரத்தில் எம்.ஏ. உண்டு. வகுப்பு சிறியது. கோவையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்த கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகளுக்கு ஊர் அந்நியமாகவும் இருக்காது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டு பக்கமும் சேர்ந்தது. கணிதமும் உண்டு, வளர்ச்சி, வேளாண்மை பற்றிய பாடங்களும் உண்டு. வளாகம் பெரியது, தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இரண்டும் உயர்ந்த இடங்கள்தான். ஆனால் கணிதம், அளவைப் பொருளியல் (எகனாமெட்ரிக்ஸ்) பக்கம் சாய்ந்தவை. அரசியல் பொருளாதாரத்துக்காக என்று அங்கே போகாதீர்கள். பொருளாதாரத்துக்காகப் போங்கள்.

மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் வளர்ச்சி ஆய்வுகள், பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி, பொருளாதாரம் இரண்டும் உண்டு. அசிம் பிரேம்ஜி தனியார்தான். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தை முழுவதுமாகவே தள்ளுபடி செய்யும் வழக்கம் அங்கே இருக்கிறது. கட்டண அட்டவணையைப் பார்த்துப் பயந்து மூடிவிடாமல், உதவித்தொகைப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

அடையாறில் உள்ள மெட்ராஸ் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை மால்கம் ஆதிசேஷய்யா 1971-இல் தொடங்கினார். சி. டி. குரியன், ஏ. வைத்தியநாதன், எம். எஸ். எஸ். பாண்டியன் எல்லாரும் இருந்த இடம். தமிழ்நாட்டின் நிலம், நீர், சாதி பற்றி ஆழமான ஆய்வுகள் வந்தது அங்கிருந்துதான். முனைவர் பட்டத்துக்கான இடமாக நினைவில் வையுங்கள். எம்.ஏ. படிக்கும்போதே அதன் நூலகத்துக்கு ஒரு தடவை போய்வருவது நல்லது.

ஒரு துறை நல்லதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? தரவரிசைப் பட்டியல் போதாதா?

போதாது. பட்டியல் பல்கலைக்கழகம் முழுவதையும் அளக்கிறது. அங்கே இயற்பியல் ஆய்வகம் நன்றாக இருப்பதால் உங்களுக்கு என்ன லாபம்?

பாடத்திட்டத்தைத் தரவிறக்குங்கள். பொருளாதாரச் சிந்தனை வரலாறு கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா, இல்லவே இல்லையா? இல்லவே இல்லை என்றால் அந்தத் துறை இந்தப் படிப்பைக் கைவிட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வேளாண் உறவுகள், தொழிலாளர் பொருளாதாரம், இந்தியப் பொருளாதார வரலாறு, அரசும் வளர்ச்சியும் போன்ற தாள்களில் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். விருப்பப் பாடப் பட்டியலைப் பார்த்து மயங்கக் கூடாது. பட்டியலில் இருபது இருக்கும், அந்த வருடம் ஓடுவது நாலுதான். சென்ற இரண்டு வருடத்தில் உண்மையிலேயே எவை நடந்தன என்று அங்கே படிக்கிற யாரையாவது கேளுங்கள்.

அடுத்தது வாசிப்புப் பட்டியல். தாளின் பெயருக்குக் கீழே என்ன படிக்கச் சொல்கிறார்கள் என்பதில்தான் துறையின் நிறம் தெரியும். மேலே சொன்ன மூன்று மரபுகளில் எது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வாசிப்புப் பட்டியலே இல்லாமல் ‘அலகு 1, அலகு 2’ என்று தலைப்பு மட்டும் இருந்தால், நோட்ஸ் எழுதிப்போட்டுப் பரீட்சை நடத்துகிற இடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆசிரியர்கள் பட்டியலையும் பாருங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்களா, கடைசி ஐந்து வருடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு பெரிய பெயருக்காகச் சேராதீர்கள். அவர் விடுப்பில் போய்விட்டால் உங்கள் இரண்டு வருடமும் போயிற்று. ஆய்வேடு எழுத வேண்டுமா என்பதும் முக்கியம். களத்துக்குப் போகாமல், ஒரு கட்டுரையாவது சொந்தமாக எழுதாமல் முடிகிற எம்.ஏ.வை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விண்ணப்பத்தில் ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

‘சிறுவயது முதலே சமூக சேவையில் ஆர்வம்’ என்று ஆரம்பிப்பவர்கள் ஆயிரம் பேர். உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற கேள்வியை எழுதுங்கள். மலைக்காரர்களுக்கு அதில் பஞ்சமே இல்லை.

கூடலூர் என்றால் ஜென்மி எனப்பட்ட நிலப்பிரபுக்களிடம் இருந்த ஜென்ம நிலம். 1969-இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் பட்டா கிடைக்காமல் இருக்கிற குடும்பங்கள் எதனால் இருக்கின்றன? இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம் என்றால், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அதற்காக 1968-இல் வனத்துறை போட்ட தேயிலை, பின்னால் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது, இன்றைக்குத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருப்பவர்களின் நிலை. சீகூர்ப் பக்கம் என்றால் யானை வழித்தடமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும். ஊட்டி இந்துநகர் என்றால் 1960-இல் தொடங்கி இப்போது மூடிக்கிடக்கிற ஃபிலிம் தொழிற்சாலை. அது எதனால் விழுந்தது? டிஜிட்டல் வந்தது மட்டும்தான் காரணமா? கொடைக்கானல் என்றால் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம், அல்லது 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ். வண்டி குறைந்தால் யாருக்கு நஷ்டம், யாருக்கு நிம்மதி என்று யோசித்து ஒரு பக்கம் எழுதினாலே நேர்முகத்தில் பேச விஷயம் கிடைத்துவிடும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-லேயே மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று கணக்கெடுக்கச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் போன்ற அந்த ஊர்களுக்குப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள். ஹட்டி என்கிற நம் படுகர் ஊர்களுக்கும் லைன்களுக்கும் அப்படி ஒரு தொடர் கணக்கு வேண்டும் என்பது என் ஆசை.

இது கம்யூனிஸ்ட் படிப்பு என்று மாமா சொல்கிறார்.

மார்க்ஸைப் படிப்பீர்கள். சுதந்திரச் சந்தைக்காக வாதாடிய ஹயேக்கையும் படிப்பீர்கள். இரண்டையும் படித்துவிட்டு மாமாவோடு வாதாடலாம்.

பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா?

அம்மாக்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது விடுதியைப் பற்றி. முதல் வருடமே வளாக விடுதியில் இடம் உறுதியா, இல்லை வெளியில் அறை பார்க்க வேண்டுமா? டெல்லியில் வெளியே தங்கினால் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகையில் போய்விடும், அலைச்சலும் அதிகம். விடுதி உறுதி என்றால் தைரியமாக அனுப்புங்கள் அம்மா. அங்கே ஏற்கெனவே படிக்கிற நம் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு ஃபோனில் பேச வையுங்கள். நான் சொல்வதைவிட அவள் சொன்னால் நம்பிக்கை வரும். குளிரைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். டெல்லி ஜனவரி நம் பிள்ளைகளை ஒன்றும் செய்யாது, மே மாத வெயில்தான் படுத்தும்.

பணத்துக்கு என்ன வழி?

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022-இலிருந்து, ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இலிருந்து. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு, கலைப் படிப்புக்கு இல்லை.

மத்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்டோர் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். மாநில பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் வேறு படிவம், வேறு பட்டியல், வருமான வரம்பும் பார்ப்பார்கள், அந்த நிதியாண்டுக்கே எடுத்ததாகவும் இருக்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

வெளிநாட்டில் படித்தால்?

முதுகலைக்கு யோசிக்கலாம். இங்கே மரபு பிரிவது இன்னும் தெளிவாகத் தெரியும். லண்டன் சோவாஸ், அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகம், நியூயார்க்கின் நியூ ஸ்கூல் மூன்றும் முதல் மரபுக்குப் பெயர் பெற்றவை. சிட்னி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. பொருளாதாரத் துறையோடு மாணவர்களும் சில ஆசிரியர்களும் மல்லுக்கட்டி, 1970-களில் வாங்கிய பாடம் அது. லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் இதே பெயரில் துறை உண்டு, ஆனால் சாய்வு இரண்டாவது மரபின் பக்கம். கனடா ஆட்டவாவின் கார்ல்டன், நெதர்லாந்தில் தி ஹேகில் உள்ள சமூக ஆய்வு நிறுவனம் ஆகியவற்றையும் பாருங்கள்.

செலவு? பிரிட்டனில் எம்.ஏ. ஒரே வருடம், ஆனால் கட்டணம் கண்ணைக் கட்டும். ஜெர்மனியில் பெரும்பாலான மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் வெளிநாட்டாரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய பணம் 2024 நிலவரப்படி வருடத்துக்கு 11,904 யூரோ. அது கட்டணம் இல்லை, உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் திரும்பி வரும். ஆனாலும் முதலில் மொத்தமாகப் புரட்ட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் செலவும் சேர்ந்து வந்துவிடும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஒரு முள் இருக்கிறது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு உதவி கிடையாது என்று 2022 வழிகாட்டுதலில் சேர்த்தார்கள். இந்தியாவைப் பற்றி வெளிநாட்டில் படிக்கத் தலித் மாணவருக்குப் பணம் இல்லை என்பதே அரசியல் பொருளாதாரத்தில் ஒரு பாடம்தான். விண்ணப்பிக்கிற வருடத்து விதியைப் படித்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தனியாக வெளிநாட்டு உதவித்தொகை வைத்திருக்கிறது.

படித்து முடித்தால் வேலை? பட்டத்தின் பெயரால் பிரச்சினை வருமா?

வரலாம். இதைத்தான் முன்பே பார்க்கச் சொல்கிறேன். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், அளவைப் பொருளியல் இவற்றில் முதுகலை கேட்கிறார்கள். சான்றிதழில் வளர்ச்சி ஆய்வுகள் என்று இருந்தால் அந்தத் தேர்வு எழுத முடியாது. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும், பட்டம் வேறு பெயரில் இருந்தால் இணையான பட்டம்தானா என்று கேட்பார்கள், உயர்கல்வி மன்றம் வரை அலைய வேண்டியிருக்கும். அதனால் அரசு வேலையில் கண் வைத்திருப்பவர்கள் ‘பொருளாதாரம்’ என்று அச்சிட்ட பட்டத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே அரசியல் பொருளாதாரத் தாள்களைப் படிப்பது புத்திசாலித்தனம்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். குரூப் 1 கனவு இருந்தால், இளங்கலையை ஆங்கிலவழிக்கு மாற்றும் முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

மற்றபடி ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள், தொழிற்சங்க ஆய்வு, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதிக் கற்பித்தல் என்று வழிகள் இருக்கின்றன. கணினி படித்தவரைப் போல வளாகத்திலேயே வேலை கையில் வந்து விழாது. முதல் இரண்டு வருடம் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தமிழ்வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா?

முதல் செமஸ்டர் கஷ்டம்தான். பேசுவதைவிடப் படிப்பதும் எழுதுவதும்தான் இங்கே முக்கியம். சேரும் முன் ஆறு மாதம், ஆங்கில நாளிதழின் பொருளாதாரப் பக்கத்தில் தினம் ஒரு கட்டுரை படித்து, அதை உங்கள் வார்த்தையில் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். க்யூட் இளங்கலைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், அதற்காகத் தயங்க வேண்டாம்.

தபால்வழியில் எம்.ஏ. எடுத்தால் போதாதா?

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டும் செல்லுபடியாகும் பட்டம் தருகின்றன. இக்னோ பாடநூல்கள் நன்றாகவே இருக்கும், வேறு இடத்தில் படிப்பவர்களும் வாங்கிப் படிக்கலாம். ஆனால் இந்தப் படிப்பில் பாதி, வகுப்பில் நடக்கிற சண்டைதான். அது தபாலில் வராது.

நுழைவுத் தேர்வுக்கு மலையிலிருந்து போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மையம் கோவையிலோ மதுரையிலோ விழுந்தால் முந்தைய நாள் மதியமே இறங்கிவிடுங்கள். கோடை சீசன் நெரிசலில் பர்லியாறு தாண்டவே நேரமாகும், மழை பிடித்தால் மரம் விழும், மண் சரியும். கொடைக்கானல் பாதையும் அப்படித்தான். விண்ணப்பத்தைக் கடைசி நாள் ராத்திரிக்கு வைக்காதீர்கள். கரண்ட்டும் டவரும் நம் பக்கம் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தா காலத்து ஆவணத்தில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இருப்பது சகஜம். திருத்தம் செய்யத் தாலுகா அலுவலகத்தில் மாதக்கணக்கில் ஆகலாம். அதை பிளஸ் ஒன் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.